அரசு ஆஸ்பத்திரியும் அரசுப் பள்ளியும் சோசலிசமா? கேள்விகளும் பதில்களும்

சார், மருத்துவமும் படிப்பும் இலவசமாகக் கொடுக்கிற நாடு எல்லாமே சோசலிச நாடுதானே?

இல்லை. ஆலை, நிலம், வங்கி, சுரங்கம் இதெல்லாம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் சோசலிசத்தின் முதல் கேள்வி; அவை தனியாரிடம் இல்லாமல் பொது உடைமையாக இருப்பதுதான் சோசலிசம். டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல்கலைக்கழகம் வரை உள்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பில் வராது, ஆனால் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியோ நோவோ நோர்டிஸ்க் மருந்துக் கம்பெனியோ அரசாங்கத்துடையது இல்லை. அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ராஸ்முசனே 2015-ல் அமெரிக்காவில் பேசும்போது, எங்களுடையது சந்தைப் பொருளாதாரம்தான் என்று விளக்க வேண்டியிருந்தது.

சோசலிஸ்டுகள் போராடாமல் இதெல்லாம் வந்திருக்குமா? அவர்கள் பங்கை மறைக்கிறீர்களே?

மறைக்கவில்லை தோழர், ஆனால் கதை நேர்கோட்டில் போகவில்லை. தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய கட்டாய மருத்துவக் காப்பீட்டை முதலில் சட்டமாக்கியது ஜெர்மனி, 1883-ல். கொண்டுவந்தவர் அன்றைய ஜெர்மன் ஆட்சித்தலைவர் (சான்சலர்) பிஸ்மார்க். அதற்கு ஐந்து வருடம் முன்புதான் சோசலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்து சட்டம் போட்டவர் அவர்! தொழிலாளி அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. ஆக, சோசலிஸ்டுகள் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது, ஆனாலும் அது சோசலிசச் சட்டம் இல்லை.

பிரிட்டன் வேறு மாதிரி. அங்கே 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியவர் தொழிற்கட்சி அரசின் சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன், சிறு வயதிலேயே வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், மனமார்ந்த சோசலிஸ்ட். ஆஸ்பத்திரிகளையே அரசுடைமை ஆக்கினார், அந்தப் பகுதியை சோசலிசம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர்கள் அரசு ஊழியராக மறுத்துவிட்டார்கள், ஒப்பந்தக்காரர்களாகத்தான் உள்ளே வந்தார்கள், பெரும்பாலும் இன்றைக்கும் அப்படித்தான். 1951-ல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்று சொந்தக் கட்சி அரசே முடிவெடுத்தபோது பெவன் பதவியை விட்டு விலகினார். அதே வருடம் ஆட்சிக்கு வந்த சர்ச்சிலின் கன்சர்வேடிவ் கட்சி அந்தச் சேவையை ஒழிக்கவில்லை, தொடர்ந்து நடத்தியது. மக்கள் அதை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

கனடா?

பணம் கட்டுவது அரசு, மருத்துவர் பெரும்பாலும் தனியார். அவ்வளவுதான். யார் பணம் கட்டுகிறார்கள், யார் சொந்தக்காரர் என்ற இரண்டு கேள்வியையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

என் வரிப்பணத்தில் அடுத்தவர் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்? இது சோசலிசம் இல்லாமல் வேறென்ன?

சந்தையின் தந்தை என்று நீங்கள் கொண்டாடும் ஆடம் ஸ்மித்தே 1776-ல், ஊருக்கு ஊர் சிறு பள்ளி வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர அரசு உதவலாம், ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொதுப்பணத்தில் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். பழைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடெரிக் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கியது 1763-ல். மார்க்ஸ் பிறந்ததே 1818-ல்தான்.

அண்ணா, நம்ம ஊர் சத்துணவு, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் எதில் சேரும்?

1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டது நீதிக்கட்சியின் தியாகராய செட்டியார் காலத்தில். ஜமீன்தார்களும் வணிகர்களும் நிறைந்த கட்சி அது, சோசலிசத்துக்கும் அதற்கும் வெகுதூரம். 1955-ல் ஆவடியில் சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸில் இருந்த காமராசர், பிறகு அந்த உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். இரண்டு பேரும் போட்டது ஒரே சோறுதான். இன்றைக்கு நம் அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையைக்கூட அரசின் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டுத் தனியார் கம்பெனிகளிடம்தான் வாங்குகிறது.

சரி, சோசலிசம் இல்லை என்றால் தனியாரிடமே விட்டுவிடலாமே?

கூடவே கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் நாலு ஆஸ்பத்திரியில் விலை விசாரித்துவிட்டா படுப்பார்? எந்தச் சோதனை தேவை, எது தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரியாது, விற்கிறவருக்குத்தான் தெரியும். மருத்துவத்தில் சந்தை ஏன் சரியாக வேலை செய்யாது என்று 1963-லேயே கென்னத் ஆரோ எழுதினார். அவர் பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர். பிள்ளையின் படிப்பும் அப்படித்தான், ஆறு வயதில் தப்பிய எழுத்தறிவை அப்பாவுக்குக் காசு வந்த பிறகு வாங்கிக்கொள்ள முடியாது. நீங்கள் எந்தக் கட்சியாக வேண்டுமானாலும் இருங்கள், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லை என்றால் மனு கொடுங்கள்.