கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. உயரம் 128 செ.மீ., எடை 38 கிலோ. தைராய்டாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மார்பு பெண் பிள்ளைக்கு இருப்பது போல் தெரிகிறது, ஆணுறுப்பும் சிறியதாக இருக்கிறது. கழுத்தில் அழுக்கு அப்பிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. கடையில் கேட்டு வாங்கிய கிரீம் தடவுகிறேன். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் அவருடைய குளுக்கோமீட்டரில் இவனுக்கும் பார்த்தோம். வெறும் வயிற்றில் 94 தான். காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும் என்பதால் சத்துமாவுப் பானமும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டுப் போவான். டியூஷன் முடிந்து வந்து செல்போன் பார்த்துவிட்டுத் தூங்கப் பதினொன்றாகும். இப்போது ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு, இணையத்தில் பார்த்த கொழுப்புக் கரைக்கும் பொடியைக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பொடியை இன்றோடு நிறுத்துங்கள். கிரீமையும் நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மகனின் கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை அம்மா. தோலே கருத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பது இதன் பெயர். எடை கூடிய குழந்தையிடம் இதைப் பார்த்தால் எங்களுக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் இவன் உடம்பில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின்தான் தோல் செல்களைத் தூண்டித் தடிக்க வைக்கிறது. பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்தைப் புண்ணாக்கிக் கூட்டி வருகிற தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவன் குளிக்காமல் இருந்ததால் வந்தது இல்லை இது. அவனைத் திட்டியிருந்தால், அதைச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்துங்கள்.

மீட்டரில் 94 என்று பார்த்ததும் நிம்மதி வந்திருக்கும். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் தைராய்டு என்று எழுதினாலும், உள்ளுக்குள் பயப்படுவது மாமியாரின் சர்க்கரை இவனுக்கும் வந்துவிடுமோ என்றுதான். இல்லாவிட்டால் மீட்டரை எடுத்திருக்க மாட்டீர்கள். அந்தப் பயம் நியாயமானது. கொழுப்பு கூடிய உடம்பில் இன்சுலின் சொன்ன பேச்சைத் தசையும் கல்லீரலும் கேட்பதில்லை. உடனே கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ஒரு ஆள் முடிக்க வேண்டிய வேலையை மூன்று ஆள் வைத்து முடிப்பது போல. வேலை முடிந்துவிடுவதால் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். எத்தனை ஆள் போட்டார்கள் என்பதை மீட்டர் சொல்லாது, கழுத்து சொல்லும். கணையம் களைத்துப்போன பிறகுதான் சர்க்கரை ஏறும். நீங்கள் அதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள், அதனால் நேரம் இருக்கிறது.

இந்த வாரமே ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு அளவு, கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி ஆகியவற்றை ரத்தத்தில் பார்ப்பார்கள். எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது. 6.5ஐத் தொட்டால் அது சர்க்கரை நோயின் அளவு. குழந்தைக்கான கைப்பட்டையில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்கான பட்டையைச் சுற்றினால் அளவு தவறாக வரும். தூக்கத்தில் குறட்டை விடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். இதற்கிடையில் அளவுக்கு மீறித் தாகம் எடுத்து, அடிக்கடி சிறுநீர் போய், எடையும் மளமளவென்று குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மாமியாரின் சர்க்கரை மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் முதலில் உயரம் நின்றுபோகும். உங்கள் பையன் வயதுக்கு ஏற்ற உயரம் இருக்கிறான். மருத்துவர் தேவை என்றால் பார்ப்பார், நீங்களாகப் போய்ப் பரிசோதனை செய்ய வேண்டாம். மார்பில் இருப்பது பெரும்பாலும் வெறும் கொழுப்பு. ஆணுறுப்பு அநேகமாகச் சரியான அளவில்தான் இருக்கும், அடிவயிற்றுக் கொழுப்பில் பாதி புதைந்து சிறியதாகத் தெரிகிறது. மருத்துவர் கொழுப்பை அழுத்தி அளந்து காட்டினால் அன்றோடு கவலை தீரும். பையன் காதுபடப் பேசாதீர்கள்.

கடையில் கேட்டு வாங்குகிற கருமை நீக்கும் கிரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தோலை மெலிய வைக்கும். நாள்கணக்கில் தடவினால் உடம்புக்குள்ளும் போகும். இன்சுலின் குறைந்தால் கருப்பு தானாக மங்கும், அதற்குப் பல மாதங்கள் ஆகும். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்காவது தெரியுமா? எட்டு வயதுப் பிள்ளையின் கல்லீரலில் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ராத்திரிச் சோற்றை மறுபடி போடுங்கள். பசியோடு படுக்கிற பிள்ளை அடுத்த நாள் எங்கேயாவது ஒரு பாக்கெட்டைப் பிரித்துவிடும். இந்த வயதில் எடையைக் குறைக்கத் துடிக்க வேண்டியதில்லை, ஏறாமல் பிடித்து நிறுத்தினாலே பெரிய வெற்றி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது அவனுடைய பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 23. வருடத்துக்கு 6 செ.மீ. வளர்ந்து, இரண்டு வருடம் கழித்து 140 செ.மீ. உயரத்தில் அதே 38 கிலோவில் நின்றால் பிஎம்ஐ 19 சொச்சம்தான். அவனுடைய வளர்த்தியே நமக்காகப் பாதி வேலையைச் செய்கிறது.

காலையில் அந்தப் பானத்தை விட்டுவிடுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தப் பெயரில் இந்த மாதிரிப் பானங்களைப் பட்டியலிடக் கூடாதென்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணையக் கடைகளிடம் சொன்னது. பெரும்பாலான டப்பாக்களில் மாவும் சர்க்கரையும்தான். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, பொங்கல், கிச்சடி, சாம்பார் என்று சூடாகப் போடுகிறார்கள். உங்கள் மகனுக்கும் அதுவே போதும், கூட ஒரு முட்டையோ சுண்டலோ கொடுங்கள். ஏழு மணிக்கு எப்படி இறங்கும் என்பீர்கள். முந்தின ராத்திரி சீக்கிரம் தூங்கினால் இறங்கும்.

நான் அதிகம் வற்புறுத்துவது அந்தத் தூக்கத்தைத்தான். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால் ஏழு மணி நேரம்தான். தூக்கம் குறைந்தால் பசி கூடும், மறுநாள் ஓடி விளையாடத் தெம்பும் இருக்காது. வாரத்தில் மூன்று நாளாவது டியூஷனை நிறுத்தி அவனைத் தெருவிலோ மைதானத்திலோ விடுங்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்குச் செல்போனை அடுத்த அறையில் வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. சாப்பாட்டிலும் அவனுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம். வீட்டில் மிக்சர் டப்பா இருந்தால் அவன் கை நீளத்தான் செய்யும்.

மருத்துவரிடம் போகும்போது அந்தக் கிரீமையும் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எத்தனை நாளாகத் தடவினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.