தையல் போட்ட நெஞ்சோடு ஒரு டைகர் மாத்: வாசகர் கேள்வி–பதில்

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் இருப்பவர்கள் இரட்டை இறக்கை விமான மாடல் கட்டுவது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் சிகிச்சையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். ஸ்டென்ட் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு இதில் பாதிக் கட்டுப்பாடு பொருந்தாது. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

அப்பாவுக்கு வயது 61. பைபாஸ் ஆகி மூன்று வாரம். இளவயதில் பால்சா மரத்தில் விமானம் செய்தவர். இப்போது நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கித் தரலாமா? எதை வாங்குவது?
— மதுரை வாசகி

தாராளமாக. 1/48 அளவில் டி ஹேவிலண்ட் டைகர் மாத் வாங்குங்கள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இதை 1/72, 1/48 இரண்டு அளவிலும் வெளியிட்டிருக்கிறது. உண்மை விமானத்தின் இறக்கை விரிப்பு 8.94 மீட்டர், 1/48-இல் அது 186 மில்லிமீட்டர், 1/72-இல் 124 மில்லிமீட்டர். விலையைப் பார்த்துச் சின்னதை வாங்கிவிடாதீர்கள். 1/72-இல் இறக்கைகளைத் தாங்கும் ஸ்ட்ரட்கள் என்ற குச்சிகள் தீக்குச்சியைவிட மெலிந்தவை. மயக்க மருந்தின் களைப்பும் கண் மங்கலும் முழுதாகப் போகாத நேரத்தில் அவற்றை இடுக்கியில் பிடிப்பதே எரிச்சலாகிவிடும்.

டைகர் மாத்தைச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் இறக்கைகளுக்கு நடுவே இரண்டே ஸ்ட்ரட்கள். துப்பாக்கி, குண்டு என்று துக்கடாக்கள் கிடையாது. 1931-இல் முதலில் பறந்த இந்தப் பயிற்சி விமானம் இந்திய விமானப் படையிலும் நெடுநாள் இருந்தது, எச்.ஏ.எல். தயாரித்த எச்டி-2 பிறகு அதன் இடத்துக்கு வந்தது. ஆகவே இந்திய அடையாளக் குறிகளோடு முடிக்க விரும்பினாலும் அது கற்பனையாக இருக்காது.

பால்சா இப்போது வேண்டாம். அறுக்க, தேய்க்க, இழுத்துப் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் மார்புத் தசை வேலை செய்யும்; அதன் தூளோ இருமலைக் கிளப்பும். ரெசின் (வார்ப்புப் பிசின்) கிட்டும் இதே காரணத்தால் கூடாது.

தரையில் உட்கார்ந்து பலகை போட்டு வேலை செய்வதே எனக்குப் பழக்கம். ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்?
— திருச்சி வாசகர்

தரை வேண்டாம். உட்காருவதில் சிக்கல் இல்லை, எழுவதில்தான். தரையிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டும். கம்பி போட்டுக் கட்டியிருக்கும் நெஞ்செலும்பின் மேல் அந்தப் பாரம் இறங்கும். எலும்பு ஓரளவு சேர 6 முதல் 8 வாரம், உறுதிப்பட ஏறக்குறைய 3 மாதம். நாற்காலியிலிருந்து எழும்போதும் கைப்பிடியை அழுத்தி எழக் கூடாது. முன்விளிம்புக்கு நகர்ந்து, ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால் பலத்தில் எழுங்கள். இருமல் தும்மலுக்கும் அதே தலையணைதான். மேசைக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். குனிந்து மாடலைத் தேடிப் போகாமல், நாலைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்து மாடலை மேலே கொண்டுவாருங்கள். எல்லாப் பொருளும் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தபடியே எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பின்னால் திரும்பி எடுப்பது, தலைக்கு மேல் அலமாரியில் எடுப்பது இரண்டும் கூடாது.

ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். பிறகு எழுந்து நடக்க வேண்டும். காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால் அந்தக் காலை முக்காலியில் நீட்டி வையுங்கள், கால்மேல் கால் போடாதீர்கள். பசை காயவும் பெயிண்ட் உலரவும் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தை நடைக்கு வைத்துக்கொண்டால் அவசரப்பட்டு ஈரப் பெயிண்டில் விரல் பதிப்பதும் நிற்கும்.

பலர் நினைக்காத ஒன்று, பெயிண்ட் பாட்டில் மூடி. இறுகிய மூடியை இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகுவது நெஞ்செலும்புக்கு நேரடியான இழுப்பு. வீட்டில் வேறு யாரிடமாவது திறக்கச் சொல்லுங்கள். முதல் தடவை திறந்ததும் பாட்டில் கழுத்தைத் துடைத்து, மரைகளில் லேசாக வாசலின் தடவி மூடினால் அடுத்த முறை ஒட்டாது. பொருந்தாத பாகத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்குவதும் இதே ரகம். பொருந்தவில்லையென்றால் எங்கோ பிசிறு இருக்கிறது. அதைத் தேய்த்து எடுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து இடக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போன மாதிரி இருக்கின்றன. சின்னப் பாகங்கள் நழுவுகின்றன.
— சேலம் வாசகர்

நெஞ்சுக்கூட்டை விரித்துப் பிடிக்கும்போது தோளருகே நரம்புக் கற்றை இழுபட்டால் இந்த இரண்டு விரல்களில்தான் தெரியும். பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களில் சரியாகும். முன்கையிலிருந்து ரத்தக் குழாய் எடுத்தவர்களுக்குக் கட்டைவிரல் புறத்தில் மரப்பு வரலாம். எதுவானாலும் அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள். திடீரென்று கை பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

வேலைக்கு வருவோம். இடுக்கியைக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரலில் மட்டும் பிடித்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றுங்கள். மடியில் ஒரு துண்டை விரித்து அதன் ஓரத்தை மேசை விளிம்பில் டேப்பால் ஒட்டிவிட்டால் நழுவியது தரைக்குப் போகாது. முதல் சில வாரங்களில் கவனமும் நினைவும் கொஞ்சம் தடுமாறுவது சகஜம். செய்முறைத் தாளில் முடித்த படியைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். கத்தி உபயோகிக்கலாமா?
— கோவை வாசகர்

எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து எடுக்கக் கத்தியே தேவையில்லை. பக்கவாட்டில் வெட்டும் சிறு கட்டர் போதும். அது இல்லையென்றால் நல்ல நகவெட்டி. பாகத்தை ஒட்டி வெட்டாமல் 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஈரத்தில் தேய்த்தால் தூள் பறக்காது. ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக்கில் வெண்மையாகக் கீறல் விழும், சில நேரம் பாகமே குழிந்துவிடும்.

கத்தி வேண்டிய இடத்தில் புது பிளேடு போடுங்கள். மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். பாகத்தை விரலில் பிடித்து வெட்டாமல் மேசையில் வைத்து வெட்டுங்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். காயத்தில் ஃபெவிக்விக் விடும் வழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம்.

பசை, பெயிண்ட் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளுமா?
— பாண்டிச்சேரி வாசகி

ஸ்ப்ரே கேன், தின்னர், எனாமல் மூன்றையும் இந்தச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டும், 5 அல்லது 6 மில்லிமீட்டர் தட்டைப் பிரஷும் போதும். பயிற்சி விமானத்தின் மஞ்சள் நிறம் எளிதில் மூடாது. அடியில் வெள்ளை அடித்து, அதன்மேல் நீர்த்த மஞ்சளை நாலைந்து பூச்சாகக் கொடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் குறைந்தது அரை மணி இடைவெளி. கெட்டியாக ஒரே பூச்சில் அடித்தால் பிரஷ் கோடுகள் நிற்கும்.

பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மாடல் சிமென்டில் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் உண்டு. ஜன்னலோரம் உட்காருங்கள், உபயோகித்த உடனே மூடுங்கள். இருமல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். காக்பிட் கண்ணாடிகளுக்குச் சாதாரண ஃபெவிகாலே நல்லது. ஃபெவிக்விக் போட்டால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

மேல் இறக்கையை மூன்று முறை ஒட்டிவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்கிறது. எங்கே தப்பு?
— காரைக்குடி வாசகர்

இரட்டை இறக்கை மாடல்கள் பாதியில் அட்டைப்பெட்டிக்குத் திரும்புவது இந்தப் படியில்தான். பெரும்பாலும் காரணம் நான்கு: ஸ்ட்ரட் முனையில் பெயிண்ட் இருக்கிறது, வேகமாகப் பிடிக்கும் பசையைப் போட்டிருக்கிறீர்கள், எல்லா ஸ்ட்ரட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்கிறீர்கள், இறக்கையைக் கையால் தாங்கி நிற்கிறீர்கள். கடைசிக் காரணம் உங்கள் நெஞ்சுக்கும் கெடுதல். கையை அந்தரத்தில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது சாதாரண நாளிலேயே தோளை வலிக்கவைக்கும்.

இனி இப்படிச் செய்யுங்கள். இறக்கைகள், உடல், வால் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து முடியுங்கள். மேல் இறக்கை ஏறிய பிறகு நடுவில் பிரஷ் போகாது. ஸ்ட்ரட்களைச் சட்டத்தில் இருக்கும்போதே அடித்துவிடலாம். ஒட்டும் முன் ஸ்ட்ரட் முனைகளிலும் இறக்கைக் குழிகளிலும் பெயிண்டைச் சுரண்டி எடுங்கள். மாடல் சிமென்ட் பிளாஸ்டிக்கைத்தான் கரைக்கும். பெயிண்ட் மேல் போட்டால் அது ஒட்டியதுபோலத் தோன்றி மறுநாள் கழன்று வரும்.

கீழ் இறக்கையை முதலில் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு தாங்கி. மேல் இறக்கையைத் தலைகீழாகப் படுக்கவைத்து, உடலையும் தலைகீழாக அதன்மேல் இறக்குவதே சுலபமான முறை. பாரம் முழுவதையும் மேசை தாங்கும். பேரப்பிள்ளைகளின் லெகோ கட்டைகள் இதற்கு அருமை. தெர்மாகோலில் தாங்கி செய்யாதீர்கள்: சிமென்ட் ஒரு சொட்டு பட்டால் தெர்மாகோல் கரைந்து இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். பிறகு உடலுக்கு மேலே நடு இறக்கையைத் தாங்கும் குட்டை ஸ்ட்ரட்களை மட்டும் ஒட்டுங்கள். டைகர் மாத்தில் பெட்ரோல் டாங்க் இருப்பது அந்த நடுப்பகுதியில்தான். அது நேராக நின்றால் மற்றவை தாமே நேராகும். ட்யூபில் வரும் கெட்டி சிமென்டை உபயோகியுங்கள், ஓரிரு நிமிடம் நகர்த்த இடம் கொடுக்கும். நீர் போன்ற மெல்லிய சிமென்ட் உடனே உள்ளே ஓடிப் பிடித்துவிடும். அதைக் கடைசியில் மூட்டை உறுதிப்படுத்த வைத்துக்கொள்ளுங்கள். குட்டை ஸ்ட்ரட்கள் ஒரு இரவு காய்ந்த பிறகு வெளிப்புற ஸ்ட்ரட்களை ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக நுழையுங்கள்.

சரிபார்க்க ஒரு நூல் போதும். இடது மேல் இறக்கை நுனியிலிருந்து வாலின் நடுப்புள்ளிக்கு அளந்து, வலப்பக்கமும் அதே அளவா என்று பாருங்கள். மேல், கீழ் இறக்கை நுனிகளுக்கு இடையேயான உயரமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இறக்கைகள் பின்னோக்கி வளைந்திருப்பதைத் தவறென்று நினைத்து நேராக்கப் பார்க்காதீர்கள், டைகர் மாத் அப்படித்தான். முன்னிருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற இடம்விட்டு மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள்; அதனால் மாறிய சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள்.

இறக்கைகளை இழுத்துக் கட்டும் ரிக்கிங் கம்பிகளை எதில் செய்வது? கை நடுக்கத்தோடு முடியுமா?
— சென்னை வாசகர்

தையல் சாமான் கடையில் கிடைக்கும் இன்விசிபிள் நைலான் நூல், அல்லது மிக மெல்லிய எலாஸ்டிக் நூல். 0.12 மில்லிமீட்டர் நூல் 1/48-இல் உண்மையளவில் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பார்வைக்குச் சரியாக இருக்கும். தையல் பருத்தி நூல் வேண்டாம், பஞ்சுபோல் பிசிறு தெரியும்.

நடுக்கம் இருந்தால் எலாஸ்டிக்கே நல்லது. நைலானை இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் தொய்ந்து நிற்கும், கூடுதலாக இழுத்தால் இறக்கையே வளையும். நைலானின் தொய்வை எடுக்க ஊதுபத்தி நுனியைச் சற்றுத் தள்ளிக் காட்டுவார்கள், நூல் சுருங்கி விறைக்கும். புகையும், நெருப்பை அசையாமல் பிடிக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. எலாஸ்டிக்கை இருக்க வேண்டிய நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, ஒரு முனையை ஒட்டிக் காயவிட்டு, மறுமுனையை லேசாக நீட்டி வைத்தால் போதும். விரல் பட்டாலும் அறாது.

துளைகளை இறக்கைகள் சேர்வதற்கு முன்பே, பெயிண்டுக்கும் முன்பே, கையால் சுழற்றும் 0.3 மில்லிமீட்டர் துரப்பணத்தால் போடுங்கள். ஆழம் 1 மில்லிமீட்டர் போதும், கூடினால் மறுபக்கம் எட்டிப்பார்க்கும். ஃபெவிக்விக்கை நேராகப் பாட்டிலிலிருந்து விடாமல் ஒரு பழைய மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். உள்ளிருந்து வெளியே வருவதுதான் வரிசை: நடு ஸ்ட்ரட்களுக்கு இடையில் உள்ள குறுக்குக் கம்பிகள் முதலில், அடுத்து நடுவிலிருந்து கீழ் இறக்கைக்கு இறங்கும் கம்பிகள், கடைசியில் உடலின் அடியிலிருந்து மேல் இறக்கைக்கு ஏறும் கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குபவை கீழே இறங்கும் கம்பிகள், பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பவை மேலே ஏறும் கம்பிகள். இது தெரிந்தால் படத்தில் எந்தக் கோடு எங்கே போகிறது என்ற குழப்பம் தீரும். ஒரு அமர்வுக்கு நாலு கம்பிக்கு மேல் போகாதீர்கள்.

பேஸ்மேக்கர் இருக்கிறது. காந்தம் வைத்த தாங்கிகள் வாங்கலாமா?
— நாகர்கோவில் வாசகர்

வாங்காதீர்கள். காந்தத்தைப் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். மாடல் வேலையில் எல்லாமே நெஞ்சுக்கு நேராக நடப்பதால் அந்த இடைவெளி மறந்துபோகும். மின்சாரத் துரப்பணத்துக்கும் அதே தூரம். துணி உலர்த்தும் கிளிப்பும் மாஸ்க்கிங் டேப்பும் இருக்கும்போது காந்தத்துக்கு என்ன அவசியம்?

மாடல் முடிந்துவிட்டது. ஹாலில் மேலே தொங்கவிட ஆசை.
— தஞ்சாவூர் வாசகர்

தொங்கவிடலாம், நீங்கள் ஸ்டூலில் ஏறக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொக்கி மாட்டும் வேலையை மூன்று மாதம் கழித்துக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். வேறு யாராவது மாட்டட்டும். மேல் இறக்கையின் நடுப்பகுதியில் இரண்டு இடம், வாலுக்கு முன் ஒரு இடம் என்று மூன்று நூலில் தொங்கவிடுங்கள். ரிக்கிங் கம்பியிலோ ஸ்ட்ரட்டிலோ கட்டாதீர்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படாத மூலையாக இருக்கட்டும். ரிக்கிங் மேல் படியும் தூசியை மெல்லிய மேக்கப் பிரஷால்தான் எடுக்க முடியும் என்பதால், கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி இருந்தால் எங்கள் ஓட்டு அதற்கே.