ஸ்டென்ட்டுக்கு முன்னால் ஸ்கேன்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, உசிலம்பட்டி. மூன்று வாரமாக மஞ்சள் காமாலை, இரவெல்லாம் அரிப்பு. அல்ட்ராசவுண்டில் கல் இல்லை, பித்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்றார்கள். புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையில் 640. அடைப்பைத் திறக்க, பித்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை நாளைக்கே வைக்க வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரோ முதலில் பெட் ஸ்கேன் எடுக்கலாம், நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். புற்றுநோய்தானா? எதை முதலில் செய்வது?

பதில்: காய்ச்சல் இல்லையென்றால் நாளைக்கே ஸ்டென்ட் வேண்டாம். முதலில் படம். ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேன், கூடவே எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

வாய்க்காலில் அடைப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மேலே தண்ணீர் ததும்பும், கீழே காய்ந்து கிடக்கும். பித்தக்குழாயும் அப்படித்தான். எம்.ஆர்.சி.பி. படத்தில் பித்தம் நிற்கும் குழாய்கள் கறுப்பில் வெள்ளையாகத் தெரியும், மாசியில் இலையுதிர்ந்த வேப்பமரம் மாதிரி. கிளைகள் புடைத்து அடிமரம் சட்டென்று அறுந்திருந்தால் அடைப்பு கல்லீரல் வாசலில். அங்கே வரும் கட்டிக்குக் கிளாட்ஸ்கின் கட்டி என்று பெயர். அடிமரமும் சேர்ந்து புடைத்திருந்தால் அடைப்பு கீழே, கணையத்தின் பக்கம். இரண்டுக்கும் ஆபரேஷனே வேறு. கட்டி ரத்தக்குழாயைப் பிடித்திருக்கிறதா, அதை எடுக்க முடியுமா என்பதை சி.டி. சொல்லும்.

ஸ்டென்ட் வைத்ததும் தேங்கிய பித்தம் இறங்கி, புடைத்த குழாய்கள் சுருங்கிவிடும். குழாய்ச் சுவரும் புண்ணாகித் தடிக்கும். அப்புறம் எடுக்கும் படத்தில் அந்தத் தடிப்பு கட்டியா, ஸ்டென்ட் உரசியதா என்று அடித்துச் சொல்வது கஷ்டம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். நடுக்கத்தோடு குளிர்காய்ச்சல் வந்தால், தேங்கிய பித்தத்தில் கிருமி பிடித்துவிட்டது என்று பொருள். பாராசிட்டமால் போட்டதும் விட்டுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே தெரியாது; பேச்சு குழறும், சிறுநீர் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். அப்போது ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து, தேங்கிய பித்தத்தை உடனே வெளியேற்றியாக வேண்டும். படம் பிறகு.

640-ஐப் பார்த்து மட்டும் முடிவுகட்டாதீர்கள். 37-க்குள் இருக்க வேண்டிய எண்தான். ஆனால் கல் அடைத்தாலும் அது ஏறும். அடைப்பு நீங்கியபின் மறுபடி பார்த்தால்தான் அதற்கு மதிப்பு. இருந்தாலும் இந்த வயதில், கல் இல்லாமல் இப்படி அடைத்தால் கட்டியைச் சந்தேகிப்பது நியாயமே. கட்டியை எடுக்க முடியும் என்று படத்தில் தெரிந்தால், சதைப் பரிசோதனைக்குக் காத்திராமல் ஆபரேஷன் செய்வதும் உண்டு.

கீழாநெல்லி கொடுத்திருப்பீர்கள். திட்டவில்லை. வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாக வடியும், பெயர் இலைக்குப் போகும். அடைத்த குழாயை எந்த இலையும் திறக்காது.

சரி, அந்தத் 'தெரிந்தவர்' கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நிற்பவர் உங்கள் அப்பாவின் நலனுக்காக நிற்கவில்லை. ஸ்கேனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன். பெட் ஸ்கேன் என்பது ஊசியில் ஏற்றும் மருந்தை உடம்பில் அதிகம் இழுக்கும் இடங்களை மின்ன வைத்துக் காட்டும் படம். அது முதல் பரிசோதனையே அல்ல. சின்னக் கட்டி அதில் தப்பிவிடும், வெறும் புண்ணும் மின்னும். மேலூரிலிருந்து ஒரு பெரியவர் நகையை அடகு வைத்து அதை எடுத்து வந்தார். அவருக்கு அடைப்பு எந்த மட்டத்தில் என்றே அதில் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதற்கென்றே குடல், கல்லீரல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். எங்கே ஸ்கேன் எடுத்தாலும் ரிப்போர்ட்டோடு விடாமல் சி.டி.யும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனைச் சொல்லவில்லை, படம் பதிந்த தட்டைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டை வைத்து மட்டும் எந்த சர்ஜனும் கத்தி எடுக்க மாட்டார்.

ஸ்கேனுக்கு அப்பாவை வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்; காண்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் அதைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு தாளுக்காக உசிலம்பட்டிக்குத் திருப்பி அனுப்பி, மறுநாள் வரச் சொல்வார்கள்.