பகல் ஸ்கோப்பில் இரவுப் பார்வை

கேள்வி: துப்பாக்கியின் பகல்நேர ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) கழற்றாமல் இரவுப் பார்வைக் கருவியை இணைக்க விரும்புகிறேன். அதை முன்புறம் மாட்டுவதா, பின்புறம் மாட்டுவதா?

பதில்: இரவு வேட்டையைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை வாங்குமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்புறக் கருவி, ஸ்கோப்பின் கண்வில்லை வழியே தெரியும் படத்தைக் குறுக்கிழையோடு (குறிபார்க்க உதவும் குறுக்குக் கோடுகளோடு) சேர்த்தே கேமராவால் பிடித்துத் திரையில் காட்டுவதால், குறி விலகும் கவலை அநேகமாக இல்லை. முன்புறக் கருவியோ ஸ்கோப்புக்குள் நுழையும் படத்தையே மாற்றித் தருவதால், அதன் ஒளியச்சு சற்றுச் சாய்ந்தாலும் குண்டு படும் இடம் நகரும். பொருத்தியபின் சுட்டுச் சரிபார்க்காமல் அதை நம்பக் கூடாது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் படத்தின் புள்ளிகளும் பெரிதாகும் என்பதால், குறைந்த உருப்பெருக்கமே அதற்கு ஏற்றது. ஆனால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே பழகிய இடைவெளி அதில் மாறுவதில்லை. பின்புறக் கருவி முகத்தை நோக்கி நீள்வதால், பின்னுதைப்பு மிகுந்த துப்பாக்கியில் அது புருவத்தைப் பதம் பார்த்துவிடும்!

மிதமான பின்னுதைப்பு என்றால் பின்புறக் கருவியையே பரிந்துரைப்பேன். தோட்டாக்களை நீக்கிவிட்டு, முதலில் கேமராவைக் குறுக்கிழையில் குவியுங்கள். அதன்பின் ஸ்கோப்பின் குவியத் திருகால் இலக்கைத் தெளிவாக்குங்கள். இருட்டில் இலக்கின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும் அகச்சிவப்பு விளக்குகளில், 850 நானோமீட்டர் அலைநீள வகை அதிகத் தொலைவு எட்டும் என்றாலும் அதன் முகப்பில் மங்கிய செந்நிறம் தெரியும். 940 நானோமீட்டர் வகையில் அது தெரியாது, எட்டும் தொலைவும் குறையும்.