கடற்கரையில் ருசித்த ரோஸே வீட்டில் ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வி: பிரான்சின் ப்ரொவான்ஸ் கடற்கரையில் அமிர்தமாக இருந்த ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன், சென்னை வீட்டில் சப்பென்று இருக்கிறதே?

பதில்: முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். அங்கே ஐஸ் வாளியில் வைத்து 8–10 டிகிரியில் ஊற்றுவார்கள். உங்கள் 32 டிகிரி கூடத்தில் கோப்பை மளமளவென்று சூடேறும். புளிப்பின் துள்ளல் அடங்கி, ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி உப்பு போட்டு 20 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், சீக்கிரம் குளிராது. கோப்பையில் கால்வாசிக்கு மேல் வேண்டாம்.

ஊதுபத்தி, மல்லிகைச் சரம் இருக்கும் அறையில் ரோஸேயின் மெல்லிய ஸ்ட்ராபெரி வாசம் எடுபடவே எடுபடாது. வெளிச்சத்துக்கும் பங்குண்டு: ஜெர்மனியின் மைன்ஸ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வைன் வெள்ளை, பச்சை வெளிச்சத்தைவிடச் சிவப்பு, நீல வெளிச்சத்தில் அதிகம் பிடித்திருந்தது. ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் மட்டும் அது கார்க் மூடியின் கோளாறு, கொட்டிவிடுங்கள்.