நான்கு துளையும் பொருந்தினால் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என் மைவி காருக்கு இப்போது 185/55 R15 டயர். மச்சான் தன் ஹோண்டா சிட்டிக்குப் புது ரிம் வாங்கிவிட்டு, பழைய 15 இஞ்ச் ரிம் நான்கையும் 175/65 டயரோடு எனக்கே தருகிறேன் என்கிறார். இரண்டிலும் நாலு ஓட்டைதான். அப்படியே மாட்டலாமா?

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனால் அப்படியே இல்லை. ஓட்டை எண்ணிக்கையை விடுங்கள், அந்த ஓட்டைகள் உட்கார்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம்தான் முதலில் தெரிய வேண்டும், அதைத்தான் பிசிடி என்கிறோம். மைவிக்கும் சிட்டிக்கும் 4x100, அதாவது எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 100 மில்லிமீட்டர். அளந்து பார்க்க ஆசையா? மையத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், அதனால் ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே கணக்கு வந்துவிடும்.

அடுத்தது நடு ஓட்டை. சிட்டி ரிம்மில் அது 56.1 மில்லிமீட்டர், மைவி ஹப்பில் (ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் காரின் பாகம்) 54.1. ரிம் பெரிது என்பதால் உள்ளே போய்விடும் (மைவி ரிம்மைச் சிட்டியில் மாட்டப் பார்த்தால் நுழையவே நுழையாது), ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். ரிம் நடுவில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டால், ஹைவேயில் 90, 100 போகும்போது ஸ்டியரிங் உதறும். அந்த இடைவெளியை அடைக்கும் வளையம்தான் ஹப் ரிங், 56.1-க்கு 54.1 ஹப் ரிங் என்று கேட்டு நான்கு வாங்குங்கள்.

இப்போது நான் ரொம்பப் பயப்படும் விஷயம், நட்டு. மைவி நட்டையும் சிட்டி நட்டையும் ஒன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மைவி நட்டின் அடி கூம்பு மாதிரி சரிந்திருக்கும், ஹோண்டா கம்பெனி ரிம்முக்கான நட்டின் அடி பந்து மாதிரி உருண்டிருக்கும், ரிம்மில் உள்ள குழியும் அதற்கேற்ற உருண்டைக் குழி. அந்தக் குழியில் கூம்பு நட்டை இறுக்கினால் இறுகின மாதிரிதான் தெரியும். கழற்றிப் பார்த்தால் குழி முழுக்கப் படியாமல், மெல்லிய கோடு மாதிரி ஒரு வளையம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். அந்தக் கோடு ஒன்றுதான் உங்கள் சக்கரத்தைப் பிடித்திருந்தது! தோட்டத்துச் செம்மண் ரோட்டுக் குலுக்கலில் அது எத்தனை நாள் தாங்கும்? நல்ல வேளையாக இரண்டு காடிக்கும் மரை M12x1.5, ஆகவே மச்சானிடம் ரிம்மோடு அந்தப் பதினாறு நட்டையும் மறக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

டயர் ஒன்று பாக்கி. 175/65 டயர் உங்கள் டயரைவிட 24 மில்லிமீட்டர் உயரம், மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 104 போவீர்கள். அப்புறம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, பின்னால் நாலு பேரை உட்கார வைத்து, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் ரிம்மை மட்டும் வைத்துக்கொண்டு பழைய அளவு டயரையே போடுங்கள். நட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்குங்கள்.

கேள்வி: என் கேம்ரிக்கு மெர்சிடிஸ் ரிம் போட ஆசை. ரெண்டும் அஞ்சு ஓட்டை.

பதில்: வேண்டாம். கேம்ரி 5x114.3, மெர்சிடிஸ் 5x112. ஐந்து ஓட்டையில் எதிர் ஓட்டை கிடையாது, பக்கத்து ஓட்டை வரை மையத்துக்கு மையம் அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும், அந்த அளவில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது, டேப்பில் தெரியாது. அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். "கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினா உட்கார்ந்துடும்" என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், உட்காரவும் செய்தது. மூன்றாம் மாதம் ஈப்போ போகிற வழியில் டக் டக் என்று சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால், முன் இடது சக்கரத்தில் இரண்டு ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்திருந்தது, மீதி மூன்றும் வளைந்திருந்தன. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.