படத்தை அனுப்பும் முன் ஒரு கடிதம் போடுங்கள்

அமெரிக்க மியூசியங்களில் கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள் சேர நம்மைப் போன்றவர்கள் என்ன செய்யலாம் என்று போன முறை எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஊர்ப் பெயர் போடாமல் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. எந்த மாநிலம் என்றே தெரியாமல் எந்த மியூசியத்தைக் கைகாட்டுவது?

மாதம் 50 டாலர்தான் என்னால் முடியும். கொடுத்தால் சிரிப்பார்களா? (வாசகி, அட்லாண்டா)

சிரிக்க மாட்டார்கள். ஒரே தடவை ஆயிரம் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவரைவிட மாதாமாதம் 50 கொடுப்பவரை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போட முடியும். உங்கள் ஊர் ஹை மியூசியத்தில் கறுப்பினக் கலை வரலாற்றாளர் டேவிட் டிரிஸ்கெல் பெயரில் 2005 முதல் ஒரு பரிசு இருக்கிறது. பரிசளிப்பு விருந்தில் சேரும் பணம் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைப் படைப்புகள் வாங்கும் நிதிக்குப் போகிறது. விருந்துச் சீட்டு நம் கைக்கு எட்டாது. ஆனால் அந்த நிதிக்கு மட்டும் தனியாகக் கொடுக்க வழி உண்டா என்று கேட்கலாம். எந்த நிதிக்கு என்று எழுத்தில் குறிப்பிடுங்கள். குறிப்பிடாத பணம் பொதுக் கணக்கில் விழுந்து ஏசி பில்லுக்குப் போகும். (ஏசி பில்லைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குக் கீழே வருகிறேன்.)

கறுப்பின ஓவியர்களின் பாணியை எப்படி அடையாளம் காண்பது? சுருக்கமாகச் சொல்லவும். (ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை)

அப்படி ஒரு பாணி இல்லை. சுருக்கம் போதுமா? ஹென்றி ஒசாவா டானர் 1893-ல் வரைந்த 'பேஞ்சோ பாட'த்தில் கிழவரின் மடியோடு ஒட்டி நின்று பையன் வாத்தியம் கற்கிறான். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு வித வெளிச்சம் விழுகிறது. ஆல்மா தாமஸ் வண்ணக் கட்டிகளை வட்டம் வட்டமாக அடுக்கினார், அதில் ஆளே கிடையாது. இருவரும் ஒரே பாணியா? ஓவியக் கல்லூரியில் படிப்பவர் இப்படிக் கேட்கலாமா, தம்பி?

பெரிய மியூசியத்துக்குக் கொடுப்பதா, கல்லூரி மியூசியத்துக்கா? (ஹூஸ்டன்)

என் ஓட்டு கறுப்பினக் கல்லூரிகளுக்கு. பெரிய இடங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்தில் கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கி வைத்தவர்கள் அவர்கள்தான். மேலே சொன்ன டானர் ஓவியம் இருப்பது வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் பல்கலைக்கழக மியூசியத்தில். அது 1868-ல் தொடங்கியது. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஓவியர் ஹேல் உட்ரஃப் 1942-ல் ஆண்டுக் கண்காட்சி ஒன்றை ஆரம்பித்தார். பரிசு வென்ற படைப்பைப் பல்கலைக்கழகமே வாங்கிக்கொள்ளும். 1970 வரை நடந்தது. அது இன்று கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகம். அதன் மியூசியத்தில் இருக்கும் சேகரம் அப்படி வருஷத்துக்குச் சில படங்களாகச் சேர்ந்ததுதான். இந்த மாதிரி இடங்களில் ஊழியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். நீங்கள் கொடுக்கும் ஆயிரம் டாலர் அங்கே ஒரு படச்சட்டமாகவோ ஓர் அலமாரியாகவோ கண்ணுக்குத் தெரியும்.

டெட்ராய்ட் வாசகருக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஊர் பெரிய மியூசியத்தில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைக்கென்றே ஒரு நண்பர்கள் குழு 1960-களிலிருந்து இயங்குகிறது. அதில் சேருங்கள்.

அப்பா ஒரு கறுப்பின ஓவியரின் லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) வாங்கி வைத்திருந்தார். மியூசியத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம். நிபந்தனை ஒன்றுதான்: அப்பா பெயருடன் எப்போதும் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். பார்சலை நேராக அனுப்பிவிடலாமா? (நியூ ஜெர்சி)

அனுப்பாதீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். முதலில் கடிதம், பிறகு படம். இதை நான் பத்தாவது தடவையாகச் சொல்கிறேன்.

இருபது வருஷம் ஒரு மியூசியத்தில் வரவு செலவுப் பதிவேடு பார்த்தவன் நான். கேட்காமல் வந்த பார்சல்களைப் பிரிப்பதே ஒரு தனி வேலை. ஒரு நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே நல்ல அச்சுப் படம், கையெழுத்தும் உண்மையானது. ஆனால் மலிவான பழுப்பு அட்டையில் நாலு மூலையும் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. டேப் மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. அட்டையின் அமிலம் படத்தைச் சுற்றித் தீய்ந்த கோடு போட்டிருந்தது. ஓரத்தில் வெள்ளிப்பூச்சி அரித்த தடம். படம் போகும் விலையைவிட டேப்பை எடுக்கும் செலவு அதிகம் என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். கடைசியில் திருப்பி அனுப்பினோம், தபால் செலவு எங்கள் தலையில். அனுப்பியவருக்கோ கோபம்.

அடுத்து உங்கள் நிபந்தனை. லித்தோகிராஃப் என்பது காகிதம். வெளிச்சம் பட்டால் காகிதம் பழுக்கும், மை வெளுக்கும். மூன்று நான்கு மாதம் மங்கிய வெளிச்சத்தில் மாட்டினால், அப்புறம் சில வருஷம் இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும். எப்போதும் மாட்டச் சொல்வது அப்பா வாங்கிய படத்தை நீங்களே மெதுவாக அழிக்கச் சொல்வது. நல்ல மியூசியம் இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காது. சம்மதிக்கும் மியூசியத்திடம் படத்தைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் ஆற்றாமை இங்கேதான். படம் கொடுக்க ஆள் வருகிறார்கள், படம் வாங்கப் பணம் கொடுக்கவும் வருகிறார்கள். படத்தை வைத்துக் காப்பாற்ற, அந்த ஏசி பில் கட்டப் பணம் கேட்டால் யாரையும் காணோம். வைப்பறை அலமாரியில் பெயர்ப்பலகை வைக்க முடியாதே!

கறுப்பின ஓவியர் வில்லியம் எச். ஜான்சனின் கதையைக் கேளுங்கள். 1901-ல் தென் கரோலினாவில் பிறந்தவர். ஐரோப்பாவில் வருஷக்கணக்கில் வரைந்தார், டென்மார்க்கில் வாழ்ந்தார், நியூயார்க் திரும்பிச் சாக்குத் துணியிலும் பலகையிலும் தன் மக்களை வரைந்தார். மனைவி இறந்தபின் மனநிலை சரிந்து 1947-ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1970-ல் சாகும்வரை அங்கேதான். வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தது. 1950-களின் நடுவில் வாடகைக்குப் பணம் தீர்ந்துபோக, அத்தனையும் அழிக்கப்படும் நிலை. கறுப்பினக் கலைஞர்களுக்குக் கைகொடுத்து வந்த ஹார்மன் அறக்கட்டளை கடைசி நேரத்தில் அள்ளிக்கொண்டு வந்தது. 1967-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தது, சிலவற்றைக் கறுப்பினக் கல்லூரிகளுக்கும். இன்று அமெரிக்கக் கலை வரலாற்றில் ஜான்சனை விட்டுவிட்டுப் பேச முடியாது. கிடங்கு வாடகைக்கு வழியில்லாமல் அப்படி ஒருவர் இல்லாமலே போயிருப்பார்.

ஆகவே நியூ ஜெர்சி வாசகரே, இப்படிச் செய்யுங்கள். படத்தின் முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, பதிப்பு எண், அளவு, அப்பா எங்கே எப்போது வாங்கினார், ரசீது இருந்தால் நகல், இத்தனையும் வைத்து ஒரு கடிதம். அவர்கள் வேண்டும் என்றால் கொடைப் பத்திரத்தில் 'இன்னார் நினைவாக' என்று எழுதச் சொல்லுங்கள். படம் எப்போது மாட்டப்பட்டாலும் சுவர்க்குறிப்பில் அந்த வரி கூடவே வரும். முடிந்தால் படத்தோடு பராமரிப்புக்கும் ஒரு தொகை கொடுங்கள். ஆயிரத்தில் ஒருவர்தான் அப்படிச் செய்கிறார், அவரை யாரும் மறப்பதில்லை.

மியூசியங்கள் வாங்குவதில் கறுப்பின அமெரிக்கர்களின் படைப்பு எவ்வளவு? (டொராண்டோ)

2008 முதல் 2020 வரை 31 அமெரிக்க மியூசியங்களின் கணக்கைப் பார்த்தார்கள். நூற்றுக்கு இரண்டு சொச்சம்.

என் தோழி கறுப்பின ஓவியர். தன் ஓவியத்தை மியூசியத்துக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறாள். 40,000 டாலருக்கு விற்கும் படம், வரிக் கழிவு கிடைக்கும் என்கிறாள். சரியா? (ஓக்லண்ட்)

கிடைக்கும். கான்வாஸுக்கும் பெயின்ட்டுக்கும் என்ன செலவானதோ அவ்வளவுக்கு! 1969-ல் வந்த சட்டம் இது. அதே படத்தை ஒரு சேகரிப்பாளர் வாங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து கொடுத்தால் சந்தை விலைக்கே கழிவு கேட்கலாம். வரைந்தவருக்கு 200, வாங்கியவருக்கு 40,000. அநியாயம்தான். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டமும் அமெரிக்காவில் கிடையாது. கலிஃபோர்னியாவில் ஒன்று இருந்தது, அதையும் நீதிமன்றங்கள் ஏறக்குறைய வெறும் தாளாக்கிவிட்டன. ஆகவே தோழியின் கையிலிருந்து இலவசமாக வாங்காதீர்கள் என்று நான் மியூசியங்களிடம்தான் சொல்வேன். நீங்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு அந்தப் படத்தை வாங்கி மியூசியத்துக்குக் கொடுங்கள். 5,000 டாலருக்கு மேல் கழிவு கேட்டால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும், அந்தச் சான்றைப் படத்தை வாங்கிக்கொள்ளும் மியூசியமே தர முடியாது. மற்றதெல்லாம் உங்கள் ஆடிட்டரிடம்.

விலையேறிய ஒரு படத்தை விற்றுப் பத்துப் புதியவர்களின் படங்களை வாங்கினால் என்ன தப்பு? (சிகாகோ)

யார் விற்கிறார்கள், விற்ற காசு எங்கே போகிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். பால்டிமோர் மியூசியம் 2018-ல் வெள்ளையின ஆண் கலைஞர்களான வார்ஹோல், ராஷன்பெர்க் போன்றோரின் ஏழு படைப்புகளை விற்கக் கிளம்பி, அந்தப் பணத்தில் பெண்களின், கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கியது. ஜாக் விட்டனின் '9.11.01' அப்படி வந்ததுதான். முணுமுணுப்பு இருந்தாலும் காசு படைப்புக்கே போனது. 2020-ல் மறுபடி மூன்று படங்களை விற்கப் புறப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பி, ஏலத்துக்குச் சற்று முன்னால் கைவிட்டார்கள்.

உங்கள் ஊர்க்கதை வேறு. கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் ஓர் ஓவியத்தை அங்கே மாநாட்டு மையத்தை நடத்தும் பொது அமைப்பு 1997-ல் 25,000 டாலருக்கு வாங்கியது. 2018-ல் ஏலத்தில் 21 மில்லியன். பார்த்த நகராட்சிக்கு ஆசை வந்தது. மேற்குப் பகுதியில் லெக்லர் கிளை நூலகத்துக்காக அவரே 10,000 டாலருக்கு வரைந்து கொடுத்த பெரிய ஓவியம் ஒன்று அங்கே தொங்கியது. புத்தகங்களை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகள் உள்ள படம். அதை விற்று நூலகத்தைப் புதுப்பிப்போம் என்றார்கள். ஓவியரே முகம் சுளித்தார், ஊர் திட்டியது, ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்கென்று வரைந்த படத்தை விற்று அதே பேட்டைக்குக் கூரை வேய்வதா? வீட்டு விளக்கை விற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளையும் மியூசியம் வாங்குகிறதாமே? போர்வை எப்படிக் கலையாகும்? (கோவை)

நேரில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். மிசூரி பெட்வே என்ற அந்த ஊர்ப் பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942-ல் ஒன்று தைத்தார். இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இந்த மாதிரிப் போர்வைகளில் பழைய பேண்ட்டின் பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும், முழங்கால் தேய்ந்த இடம் வெள்ளையாக இருக்கும். இப்படிப்பட்ட படைப்புகளை அறக்கட்டளை ஒன்று காத்து வைத்து, 2014-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு 57 படைப்புகளைக் கொடுத்தது. ஆக, கேள்வி பழசு. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் மடித்து வைக்காதீர்கள், சுருட்டி வையுங்கள். மடிப்பில்தான் நூல் முதலில் விடும்.

பிப்ரவரி மாதம் பிள்ளைகளை எந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாம்? (டாலஸ்)

ஜூலையில் கூட்டிப் போங்கள். பிப்ரவரி அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம், அப்போது எல்லோரும் கறுப்பினக் கலைஞர்களின் படங்களை மாட்டுவார்கள். ஜூலையிலும் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டு வாருங்கள். அவற்றைப் படிக்கிறார்கள், நானே படித்திருக்கிறேன்.

இத்துடன் இணைத்துள்ள படம் கறுப்பின ஓவியர் சார்ல்ஸ் வைட் வரைந்ததா? விலை என்ன போகும்? (ஊர் உண்டு, வேறு எதுவும் இல்லை)

சோபாவுக்கு மேலே மாட்டிய சட்டத்தைக் கண்ணாடியில் ட்யூப் லைட் தெரிய எடுத்திருக்கிறீர்கள். படத்தைவிட உங்கள் மின்விசிறி நன்றாகத் தெரிகிறது. விலை நான் சொல்வதில்லை, எந்த மியூசியமும் சொல்லாது. வரைந்தது யார் என்று பார்க்க வேண்டுமானால் சட்டத்தைக் கழற்றாமல் சுவரிலிருந்து இறக்கி, திருப்பி வைத்து, பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் பழைய சீட்டை மட்டும் தயவுசெய்து துடைக்காதீர்கள்.